தாழ்ப்பாள்காரர்

தாழ்ப்பாள்காரரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். பெயர் வைக்காததால்தான் இத்தனை நாள் தப்பித்துக்கொண்டிருக்கிறார். இன்று நான் வைத்துவிட்டேன்.

அவரைப் பார்க்க வேண்டுமானால் காலையில் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு வாருங்கள். வெள்ளிமலை பஸ் கிளம்பும் நேரம். படிக்கட்டுக்கு வெளியே, ஒரு கையில் மஞ்சப்பை, இன்னொரு கையில் கம்பி, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, உள்ளே இருப்பவர்களைப் பார்த்து மனிதகுலத்தின் ஒற்றுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். "அண்ணே, கொஞ்சம் உள்ள போங்கண்ணே. நடுவுல காலியாத்தான கெடக்குது? நாங்கெல்லாம் ஊரு போய்ச் சேர வாணாமா? மனுசனுக்கு மனுசன் இதுகூட இல்லன்னா எப்பிடி?" கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கிவிடும். யாரோ ஒரு நல்ல மனிதர் அரையடி நகர்வார். இவர் ஏறுவார். ஒரு படி. இரண்டாவது படி. அவ்வளவுதான். அப்படியே திரும்பி, ஒரு நிமிடம் முன்பு தான் தொங்கிக்கொண்டிருந்த அதே கம்பியில் தொங்குகிறவரைப் பார்த்துச் சொல்வார்: "இன்னாங்க, கண்ணு தெரியல? மூச்சு வுட எடமில்ல. அடுத்த பஸ்ல வாங்க."

ஒரு மனிதன் முழுசாக மாறுவதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று பெரியவர்கள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இரண்டு படி. நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

கல்யாணப் பந்தியில் அவர் இருப்பார். சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர் ரசத்தைத் தன் கண்ணாலேயே சீக்கிரம் குடிக்க வைத்து, எழுந்ததும் இலையைக்கூட எடுக்க விடாமல் உட்கார்ந்து, அடுத்த நொடி திரும்பி, "பின்னாடி நின்னுகினு வாயையே பாத்தா மனுசன் எப்பிடிங்க சாப்புடுறது?" என்று நாகரிகம் சொல்லிக்கொடுப்பார். புறம்போக்கை வளைத்து வீடு கட்டிய தெருவில் இருப்பார். கடைசியாக அங்கே வந்து கட்டியவர் அவர்தான். ஆக்கிரமிப்பைப் பற்றி முதல் மனு கொடுப்பவரும் அவர்தான். கெட்டவரா? சேச்சே. அதுதான் அவரிடம் உள்ள விசேஷம். தனக்காகத் தாழ்ப்பாள் போடுகிறேன் என்று எந்தக் காலத்திலும் சொல்லமாட்டார். கூட்டம் ஜாஸ்தியானால் பிரேக் பிடிக்காது என்பார். பாதுகாப்பு என்பார். எல்லாம் உங்க நல்லதுக்குத்தான் என்பார். சொல்லும்போது அவரே அதை நம்பவும் செய்வார்.

பஸ்ஸிலும் பந்தியிலும் அவரை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது, ஒரு தாழ்ப்பாள்காரரை மிக அருகில், ஏசி ஓடாத ஓர் அறையில், ஒரு சனிக்கிழமை முழுக்க வைத்துப் பார்த்த கதை.

என் பெயர் ராஜாங்கம். துருகம் சாலையில் ஓர் உரக்கடையின் மாடியில் இருக்கிற கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்துக்கு லேப் பொறுப்பாளர். என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பதினோரு வருசத்துக்கு முன்னால் இங்கே சீலிங் ஃபேன் மாட்ட வந்தேன். ஐ.டி.ஐ. முடித்தவன். ஃபேனை மாட்டிவிட்டு, ஏணியை விட்டு இறங்காமல், நடந்துகொண்டிருந்த வகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதைய முதலாளி பார்த்தார். "ஏணியில ஏன்யா தொத்திக்கினு கெடக்குற? சேரு காலியாத்தான கெடக்குது" என்றார். இறங்கி உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

இன்று லேப் சாவி என் இடுப்பில் இருக்கிறது. நுழைந்ததும் எதிர்ச் சுவரில் நான் எழுதி ஒட்டிய விதிகள் இருக்கின்றன. ஒன்று, பத்து மணிக்கு மேல் வருபவர்களுக்கு அனுமதி இல்லை. இரண்டு, தேர்வின் நடுவில் ரீசெட் செய்யப்படமாட்டாது. மூன்று, பட்டப்படிப்பு இல்லாதவர்கள் சேர்த்துக்கொள்ளப்படமாட்டார்கள். கீழே என் பெயர், கையெழுத்து. அதற்குக் கீழே, எல்லாரும் வந்து வந்து கேட்டுத் தொல்லை பண்ணக்கூடாது என்பதற்காக, வைஃபை பாஸ்வேர்டு: என் பெயரும் நான் பிறந்த வருசமும். எவ்வளவு ஒழுங்கான லேப் பாருங்கள்.

இந்த லேப்பில் என்ன சொல்லித்தருகிறோம்? பெயர்ப்பலகையில் 'ஊடுருவல் சோதனைப் பயிற்சி' என்று எழுதியிருக்கிறது. பிள்ளைகள் பென்டெஸ்ட் என்கிறார்கள். கீழே உரக்கடைக்காரர் திருட்டுப் பள்ளிக்கூடம் என்கிறார். மூன்றும் சரிதான். ஒரு கம்பெனிக்காரர் தன் கம்ப்யூட்டரைக் காட்டி, "இதுக்குள்ள திருடன் மாதிரி புகுந்து பாருப்பா, எங்கெங்க சந்து இருக்குதுன்னு எழுதிக் குடு" என்று அனுமதி கொடுத்துக் கூலியும் கொடுக்கிறார் இல்லையா, அந்த வேலை. அதைப் பழக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். உருவாக்கும்போதே வேண்டுமென்று ஓட்டைகளோடு உருவாக்கியது. பெரிய ஊர்களில் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்வார்களாம். எங்கள் கம்ப்யூட்டர்கள் அதைத் தாங்கிக்கொள்கிற வயசைத் தாண்டிவிட்டதால், மூலையில் ஒரே ஒன்றை வைத்து, இருபத்திரண்டு பேரும் அதையே உடைக்கிறார்கள். அதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'அப்பாவி'.

அப்பாவிக்கு ஆறு ஓட்டைகள். ஆறும் பயிற்சிக் கையேட்டில் படம் போட்டு இருக்கின்றன. வகுப்பு முழுக்க அடி, உதை வாங்கும். சாயங்காலம் நான் போய் ரீசெட் பொத்தானை அமுக்குவேன். எல்லாம் மறந்து, மறுபடி காலையில் இருந்த மாதிரி ஆறு ஓட்டையோடு எழுந்து உட்காரும். அதற்காக அப்பாவிக்குள் எனக்கென்று ஒரு நுழைவு வைத்திருந்தேன். சகல அதிகாரமும் உள்ள நுழைவு. அது கையேட்டில் இல்லை. எனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது தீனதயாளனைப் பாருங்கள். வயசு இருபத்துமூன்று, பொறியியல் முடித்தவன், ஊரிலேயே வீடு, அறையில் எல்லாருக்கும் முன்னால் வந்து மூலை இருக்கையைப் பிடிப்பவன். பிப்ரவரி வெயிலிலும் தலைக்கு மேல் இழுத்துவிட்ட தொப்பி வைத்த கறுப்பு பனியன் போட்டிருப்பான். திரையைக் கறுப்பாக்குவான், எழுத்தைப் பச்சையாக்குவான், விரலை நெட்டி முறிப்பான், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற அளவில், ஆனால் தனக்குத்தானே பேசிக்கொள்கிற பாவனையில், "ம்... நல்லா வுட்டு வச்சிருக்கானுங்க" என்பான். யார் விட்டு வைத்தார்கள்? வேண்டுமென்றே விட்டு வைத்ததுதானே? அதெல்லாம் அவனிடம் கேட்கக்கூடாது. பத்து நிமிடத்தில் நாற்காலியைப் பின்னால் சாய்த்து, கையைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்வான்: "உள்ள போய்ட்டேன்."

திறமைசாலி. அதை மறுக்கமாட்டேன். ஆனால் உள்ளே போனதும் அவன் செய்கிற முதல் வேலை என்ன தெரியுமா? வந்த வழியை அடைப்பது. அப்புறம் மற்ற ஐந்து வழிகளையும் அடைப்பது. அப்புறம் தலைமைப் பாஸ்வேர்டை மாற்றுவது. ஏழெட்டு நிமிடத்தில் அப்பாவி இரும்புப்பெட்டி ஆகிவிடும். இருபத்தோரு பேர் வெளியே நின்று சுவரில் முட்டிக்கொண்டிருப்பார்கள்.

"டேய் தீனா, நேத்து இந்த வழியா போனன்டா. இன்னிக்கு வழியே காணோம். நீதான?" என்று கேட்பான் வெற்றிவேல். கருணாபுரத்துப் பையன், பக்கத்து நாற்காலி.

"இன்னாடா படிக்கிறோம்? செக்யூரிட்டிதான? ஓட்டைய அடைச்சா தப்பா?"

"அடைச்சுட்டா நாங்க எதுலடா பழகுறது?"

"நாளைக்கு ஒரிஜினல் கம்பெனில போய் 'எனக்குக் கொஞ்சம் ஓட்ட வையுங்க'ன்னு கேப்பியா? உன் நல்லதுக்குத்தான்டா சொல்றன்."

கேட்டீர்களா? நல்லதுக்குத்தான். பஸ்ஸில் பிரேக், லேப்பில் செக்யூரிட்டி. சாயங்காலம் ரீசெட் இருப்பதால் வகுப்பு நாட்களில் இது பெரிய பிரச்சினை ஆகவில்லை. நானும் சிரித்துவிட்டு விட்டேன். துடிப்பான பையன் என்று அருள்மொழி மேடத்திடம்கூடச் சொன்னேன். அவர்தான் பயிற்சியாளர், விழுப்புரத்திலிருந்து வருவார்.

அந்தச் சனிக்கிழமைதான் தேர்வு. சென்னைக் கம்பெனி ஒன்று எங்கள் லேப்பிலிருந்து இரண்டு பேரை நேர்முகத்துக்கு அழைப்பதாகச் சொல்லியிருந்தது. பத்து மணிக்கு ஆரம்பம். அப்பாவிக்குள் புகுந்து, அங்கே வைத்திருக்கும் ஒரு வாக்கியத்தைக் குறித்துக்கொண்டு வந்து, எந்த வழியாகப் போனோம், என்னென்ன ஆபத்து பார்த்தோம் என்று அறிக்கை எழுத வேண்டும். மூன்று மணிக்கு மேடம் முன்னால் இன்னொரு தடவை உள்ளே போய்க் காட்ட வேண்டும். மேடத்துக்குக் காலையில் விழுப்புரத்தில் வேறு வகுப்பு. "நடுவுல ஏதாச்சும்னா நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க சார்" என்று பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார். பொறுப்பு கொடுத்தால் எனக்கு முதுகு தானாகவே நிமிர்ந்துவிடும்.

சரியாகப் பத்து மணிக்குக் கதவைச் சாத்தினேன். பத்தரைக்குத் தட்டும் சத்தம். வளர்மதி.

வளர்மதி கரியாலூர்ப் பெண். கல்வராயன்மலையில் சாமையும் மரவள்ளியும் போடுகிற வீடு. பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, வாரம் இரண்டு நாள் மலை இறங்கி வந்து படிக்கிறாள். அவள் வீட்டில் நிலைமை என்னவென்று வெற்றிவேல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்காளும் மாமனும் வருசா வருசம் குடகுக்கு மிளகு பறிக்கப் போகிறவர்கள். திங்கட்கிழமை வேன் கிளம்புகிறது. வேனில் அவளுக்கும் ஓர் இடம் சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமை தேர்வில் பெயர் வந்தால் மெட்ராஸ், வராவிட்டால் மிளகு. ஒரு தடவை வேன் ஏறினால் மூன்று மாதம். அதற்கப்புறம் யார் மறுபடி கம்ப்யூட்டர் படிக்க அனுப்புவார்கள்?

"ஏம்மா, மணி என்ன?" என்றேன்.

"பஸ்சு நின்னுச்சு சார். படியில நின்னுகினு இருந்தவரு எடமில்ல, அடுத்த பஸ்ல வாம்மான்னுட்டாரு. அப்பறம் ஜீப்பு புடிச்சு கச்சிராயபாளையம் வந்து..."

"முன்னாடி பஸ்ஸுக்கே வந்திருக்கணும். வாழ்க்கையில நேரம்தான்மா முக்கியம்." இப்படி ஆரம்பித்து, நேரத்தின் அருமையைப் பற்றி அவளுக்கு எடுத்துச் சொன்னேன். பிறகு, ஒன்றாவது விதியைத் தளர்த்தி உள்ளே விட்டேன். என் நல்ல மனசை நீங்கள் கவனிக்க வேண்டும். அவள் உட்காரும்போது மணி பத்து நாற்பது. பத்து நிமிடம் பேசியிருக்கிறேன் போலிருக்கிறது.

பத்து பன்னிரண்டுக்கே தீனதயாளன் நாற்காலியைச் சாய்த்துவிட்டான். பத்து இருபதுக்கெல்லாம் ஆறு ஓட்டையும் அடைபட்டுவிட்டது. அன்றைக்குத் தேர்வு என்பதால் விசேஷமாக இன்னொரு தாழ்ப்பாளும் போட்டிருந்தான். தலைமைப் பாஸ்வேர்டை யாராவது மூன்று தடவை தப்பாக அடித்தால், இரண்டு மணி நேரத்துக்கு அந்த வழியாக யாரையும் உள்ளே விடாதே என்று அப்பாவிக்குக் கட்டளை. அப்புறம் ஒரு பாக்கெட் கடலை மிட்டாயைப் பிரித்து வைத்துக்கொண்டு, சுவரில் முட்டுகிறவர்களை ரசித்துக்கொண்டிருந்தான்.

பதினொன்றரைக்கு வெற்றிவேலும் வளர்மதியும் என் மேசைக்கு வந்தார்கள்.

"சார், ஆறு வழியும் அடைச்சு வச்சிருக்கான் சார். ஒரே ஒரு தடவ ரீசெட் பண்ணி வுடுங்க சார்" என்றான் வெற்றிவேல்.

வளர்மதி நோட்டை நீட்டினாள். ஆறு வழிகளையும் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் 'அடைத்திருக்கிறது' என்று நேரம் போட்டு எழுதியிருந்தாள். "பாருங்க சார். இது பரீட்சையே இல்ல சார்."

மூலையிலிருந்து தீனதயாளன் குரல் கொடுத்தான். "சார், ரூல் நம்பர் ரெண்டு சார். நடுவுல ரீசெட் கெடையாது. கஷ்டப்பட்டு உள்ள போயிருக்கேன், என் உழைப்பு போயிடும் சார்."

நியாயம்தானே? ஒருத்தனின் உழைப்பை அழிக்க எனக்கு என்ன உரிமை? அதோடு, என் கையெழுத்துப் போட்ட விதியை நானே மீறினால் அப்புறம் அந்தத் தாளுக்கு என்ன மரியாதை? "ரூல்னா ரூல்தாம்மா. முயற்சி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க இறங்கிப் போனேன். டீ நன்றாகத்தான் இருந்தது. என்னவோ, பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது இருபது பேர் தலைமைப் பாஸ்வேர்டை ஊகித்து அடித்துக்கொண்டிருந்தார்கள். நடிகர் பேர், சாமி பேர், தீனதயாளனின் பைக் நம்பர், அவன் மனசுக்குள் வைத்திருப்பதாக எல்லாரும் சொல்லும் பெண்ணின் பேர். ஒவ்வொன்றுக்கும் அவன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான். வளர்மதி மட்டும் எதையும் அடிக்கவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உற்றுப் பார்த்தேன். என் விதிகளைப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒட்டிய நாளிலிருந்து அந்தத் தாளை இவ்வளவு ஊன்றிப் படித்தவர்கள் யாரும் இல்லை.

பன்னிரண்டு நாற்பதுக்குக் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு, எங்கள் ஊரில் சனிக்கிழமை அதற்கென்றே நேர்ந்துவிட்ட நாள். கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. யு.பி.எஸ். மூலையில் இருக்கிற அப்பாவிக்கு மட்டும்தான் என்பதால் அப்பாவி அசையவில்லை. மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் அணைந்து எழுந்தன. தீனதயாளனுடையதும்தான்.

அவன் அலட்டிக்கொள்ளாமல் தான் வைத்த பாஸ்வேர்டை அடித்தான். தப்பு என்றது. மறுபடி அடித்தான். தப்பு. எழுத்தெழுத்தாக, உதட்டை அசைத்துக்கொண்டு அடித்தான். மூன்றாம் தடவையும் அப்பாவி அவனை யாரென்று தெரியாதவனாகவே நடத்தியது. அப்போதுதான் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இருபது பேர் காலையிலிருந்து தப்புத்தப்பாக அடித்ததில் தாழ்ப்பாள் எப்போதோ விழுந்துவிட்டது. உள்ளேயே உட்கார்ந்திருந்த வரை அவனுக்கு அது தெரியவில்லை. இப்போது சரியான பாஸ்வேர்டு போட்டாலும் திறக்காது. இரண்டு மணி நேரம். கட்டளை போட்டவன் அவன். அடைத்த ஆறு வழிகளும் அவன் அடைத்தவை. ஓட்டையே இல்லாமல் அடைக்கிற திறமை அவனுக்கு உண்டு என்று முன்னாலேயே சொன்னேன் இல்லையா?

கடலை மிட்டாயை வைத்துவிட்டு எழுந்து வந்தான். தொப்பியை எடுத்துவிட்டிருந்தான்.

"சார், ஒரு ரீசெட் சார்."

"ரூல் நம்பர் ரெண்டு?"

"ரூலு மனுசனுக்காகத்தான சார்? இருபத்திரண்டு பேரு லைஃப்பு சார். மத்தவங்களயும் நெனச்சுப் பாருங்க சார்."

பார்த்தீர்களா? இரண்டு படி கீழே இறக்கிவிட்டால் போதும், மனித ஒற்றுமை திரும்பி வந்துவிடுகிறது. நான் அசையவில்லை. காலையில் அந்தப் பெண்ணுக்கு மறுத்ததை மத்தியானம் இவனுக்குச் செய்தால் நன்றாகவா இருக்கும்? உண்மையில், அப்போதாவது நான் அந்தப் பொத்தானை அமுக்கியிருந்தால் எல்லாருக்கும் நல்லது நடந்திருக்கும். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ரூல்.

ஒன்றே காலுக்கு வளர்மதி கையைத் தூக்கினாள். "சார், தண்ணி குடிச்சுட்டு வரட்டுங்களா?" போய்க் குடித்துவிட்டு வந்தாள். மறுபடி உட்கார்ந்து மூன்று மணி வரை தலை நிமிராமல் எழுதினாள். தோற்ற பிள்ளை ஏதோ கிறுக்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. திங்கட்கிழமை வேன் ஞாபகம் வந்தது. வந்த ஞாபகத்தை ஓரமாக வைத்துவிட்டு வருகைப் பதிவேட்டில் கோடு போட்டேன்.

மூன்று மணிக்கு அருள்மொழி மேடம் வந்தார். "யாரு யாரு உள்ள போனீங்க? திரும்பிப் போய்க் காட்டுங்க" என்றார். தீனதயாளன் அடித்துப் பார்த்தான். இருபது பேரும் விடாமல் தப்பாக அடித்துக்கொண்டே இருந்ததில் தாழ்ப்பாள் மறுபடி மறுபடி விழுந்திருந்தது. "மேடம், நான் காலையில பத்து பன்னெண்டுக்கே..." என்று ஆரம்பித்தான். அப்போது வளர்மதி எழுந்து போய் இரண்டு வரி அடித்தாள். உள்ளே போய்விட்டாள். சத்தமில்லை, சாய்வில்லை, ஒன்றுமில்லை.

"எந்த வழிம்மா?" என்றார் மேடம்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "அறிக்கையில எழுதியிருக்கேன் மேடம்."

மேடம் அறிக்கையை வாங்கி, பாவி, சத்தம் போட்டுப் படித்தார். "ஓட்டை எண் ஒன்று: லேப் பொறுப்பாளர். தினமும் சாயங்காலம் ரீசெட் செய்ய அவருக்கு இந்தக் கம்ப்யூட்டரில் தனி நுழைவு உள்ளது. பெயர் சுவரில் கையெழுத்தாக உள்ளது. பாஸ்வேர்டு அதற்குக் கீழேயே வைஃபைக்காக எழுதப்பட்டுள்ளது. இரண்டுக்கும் ஒன்றே. ஆபத்தின் அளவு: மிக ஜாஸ்தி. சரிசெய்யும் வழி: பாஸ்வேர்டை மாற்றவும். இயலாவிட்டால் பொறுப்பாளரை மாற்றவும்."

இருபத்திரண்டு பேரும் சிரித்தார்கள். சத்தம் கேட்டு உரக்கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்துவிட்டு, விஷயத்தைத் தெரிந்துகொண்டு, அவரும் சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

அடுத்த பக்கத்தில் தீனதயாளன் போட்ட தாழ்ப்பாள்கள் எல்லாம் நேரத்தோடு வரிசையாக இருந்தன. மேடம் கேட்டார்: "எல்லா அதிகாரமும் கைல இருந்துச்சுல்ல? மத்தவங்களுக்குத் தொறந்து வுட்டிருக்கலாமே?"

"புகுந்து பாக்கத்தான மேடம் அனுமதி? தொறக்கவோ மூடவோ யாரும் சொல்லலியே" என்றாள் வளர்மதி. மேடம் மெதுவாகத் தீனதயாளன் பக்கம் திரும்பினார். அவன் மறுபடி தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

ஓர் இடம் முடிந்தது. இன்னோர் இடத்துக்காக மேடம் என்னை ரீசெட் பண்ணச் சொன்னார். இரண்டாவது விதி என்று வாயெடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் அமுக்கிவிட்டேன். எல்லாருக்கும் அரை மணி நேரம். ஆறாவது நிமிடம் தீனதயாளன் உள்ளே போய்விட்டான். மேடம் அவன் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும், கை போனது பாருங்கள். வந்த வழியை அடைத்தான். இரண்டாவது வழியையும் பாதி அடைத்துவிட்டு, அப்புறம்தான் நிமிர்ந்தான். அவனைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? கை பழகிவிட்டது. மற்ற வழிகளில் ஒன்றில் பத்தாவது நிமிடம் வெற்றிவேல் புகுந்தான். அடைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்த மேடம் இரண்டாவது இடத்தை வெற்றிவேலுக்கே கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை வேன் வளர்மதி இல்லாமல்தான் குடகுக்குப் போனது. அடுத்த மாதமே சென்னையில் வேலை என்று சேதி வந்தது. நான் உடனே நடவடிக்கை எடுத்தேன். பாஸ்வேர்டை மாற்றினேன். சுவரிலிருந்த பாஸ்வேர்டைக் கிழித்தேன். விதிகளைக் கிழிக்கவில்லை, கண்ணாடி போட்டு மாட்டினேன்.

சென்னைக்குக் கிளம்புமுன் வளர்மதி வந்தாள். நான் மாடிக் கதவருகே நின்றிருந்தேன். அவள் கையில் ஒரு பை சாமை அரிசி. "அம்மா குடுத்துவுட்டாங்க சார். கோச்சுக்காதீங்க சார், அப்பிடி எழுதுனதுக்கு." பின்னால் இன்னொரு பெண், படிக்கட்டில் இரண்டு படி கீழே, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இது செங்கம்மா சார், எங்க சித்தி பொண்ணு. பன்னெண்டாவது முடிச்சிருக்குது. இங்க சேரணும்னு ஒரே புடியா நிக்குது."

நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. வாய் அதுவாகவே திறந்தது.

"எடமில்லம்மா. அடுத்த பேட்ச்சுல வரச் சொல்லு."

சொல்லி முடித்ததும் அந்தக் குரல் எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. வளர்மதி என் தோளுக்கு மேலே எட்டி, அறைக்குள் பார்த்தாள். அப்புறம் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"நான் உக்காந்த சேரு காலியாத்தான சார் இருக்குது?"

எனக்குச் சட்டென்று சீலிங் ஃபேனும் ஏணியும் ஞாபகம் வந்தன. என் தலைக்கு மேலே அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்கு அந்த முதலாளி கேட்காத கேள்வி, நீ என்ன பட்டம் வாங்கியிருக்கிறாய் என்பது. பதினோரு வருசமாக அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எனக்குத் திறந்த கதவுக்கு நானே எழுதிய தாழ்ப்பாள்தான் அந்த மூன்றாவது விதி. அறிக்கையில் அந்தப் பெண் அதை எழுதாமல் விட்டது அவளுடைய மரியாதை.

செங்கம்மாளைச் சேர்த்துக்கொண்டேன். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி மூன்றாவது விதியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டினேன். இதோடு கதை சுபம் என்று நினைத்து நீங்கள் எழுந்துவிட வேண்டாம்.

மூன்றாவது வாரம், பத்தே காலுக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். கல்வராயன்மலை பஸ்ஸில் வந்த பையன், முகமெல்லாம் புழுதி, சேர வேண்டும் என்று கேட்க வந்தவன். நான் திருந்திய மனிதன் ஆயிற்றே, வாப்பா என்று சொல்லத்தான் எழுந்தேன். அதற்குள் கதவோரம் உட்கார்ந்திருந்த ஒரு குரல், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, பதில் சொல்லிவிட்டது.

"இப்ப எடமில்லண்ணா. அடுத்த பேட்ச்சுல வாங்க."

செங்கம்மாள். மூன்று வாரம் என்று கணக்குப் போடாதீர்கள், இரண்டு படிதான்.

நீங்கள் இதுவரை நன்றாகச் சிரித்துக்கொண்டு வந்தீர்கள். தீனதயாளனைப் பார்த்துச் சிரித்தீர்கள், என்னைப் பார்த்து இன்னும் ஜாஸ்தியாகச் சிரித்தீர்கள். சந்தோஷம். நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலி, வேலை, தெரு, எதுவானாலும் சரி, அதற்கு உங்களை உள்ளே விட்டவர் யார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பெயர் உடனே ஞாபகம் வந்தால் நல்லது. வரவில்லையென்றால், தயவுசெய்து உங்கள் வலது கை இப்போது எங்கே இருக்கிறது என்று குனிந்து பாருங்கள்.